குதிக்கால் இரத்தத்துக்கு மறுபடி வரச் சொன்னால்

மட்டக்களப்பு மண்டூர்ப் பக்கமிருந்து ஒரு இளம் தாய் கேட்டிருக்கிறார். முதல் பிள்ளை, மகன், பிறந்து 11 நாள். ஆஸ்பத்திரியில் டிக்கட் வெட்டி வீட்டுக்கு விடுவதற்கு முன் குதிக்காலில் குத்தி இரத்தம் எடுத்திருக்கிறார்கள். நேற்றுப் பின்னேரம் மருத்துவிச்சி வீடு தேடி வந்து, "அந்த இரத்தத்தில் தைரொயிட் கூடக் காட்டுது, உடனே கொண்டு போய்க் காட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பிள்ளை நன்றாகப் பால் குடிக்கிறான், நன்றாக நித்திரை கொள்கிறான். துடக்குக் கழிய முன் பச்சைப்பிள்ளையை வெளியே கொண்டு போகக்கூடாது என்கிறார் மாமி. தாயின் கேள்விகள் மூன்று. நாங்கள் சொந்தத்துக்குள் கலியாணம் முடித்தவர்கள், அதனால் வந்ததா? குளிசை தொடங்கினால் ஆயுளுக்கும் கொடுக்க வேண்டுமா? முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிந்த பிறகு போனால் போதாதா?

மகள், கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். போதாது. நாளைக் காலையிலேயே போங்கள். மற்றதெல்லாம் போய் வந்த பிறகு ஆறுதலாக வாசிக்கலாம்.

நான் 28 வருடம் பிள்ளைகள் வார்ட்டிலும் கிளினிக்கிலும் தாதியாக இருந்தவள். பாதிக்காலம் மட்டக்களப்பில், மீதி அம்பாறை மாவட்டத்தில். இந்த ஒரு நோயில் மட்டும் நான் அவசரப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. வேறு பல பிறவிக் குறைகளில் எவ்வளவு பாடுபட்டாலும் முழுதாகச் சரிக்கட்ட முடியாது. இதிலோ, பிள்ளைக்கு இரண்டு கிழமை ஆகும் முன் ஒரு சின்னக் குளிசையைத் தொடங்கிவிட்டால், கூடப்பிறந்தவர்களைப் போலவே வளர்ந்து, படித்து, ஆளாகிவிடும். அதே குளிசையை மூன்று நான்கு மாதம் கழித்துத் தொடங்கினால் உடம்பு தேறும், உயரம் கூடும், ஆனால் மூளைக்கு ஏற்பட்ட இழப்பு முழுதாகத் திரும்பி வராது. உங்கள் மகனுக்கு இன்று 11 நாள். எண்ணிப் பாருங்கள்.

மருத்துவிச்சி "கூடக் காட்டுது" என்று சொன்னதை நீங்கள் தைரொயிட் கூடிவிட்டது என்று விளங்கிக்கொண்டிருக்கிறீர்கள். பலரும் இப்படித்தான் விளங்கிக்கொள்கிறார்கள். கூடியிருப்பது தைரொயிட் அல்ல, ரி.எஸ்.எச். என்ற வேறொரு ஹோர்மோன். கழுத்தின் முன்பக்கம் வண்ணாத்திப்பூச்சி மாதிரி இருக்கிற தைரொயிட் சுரப்பிதான், மூளையும் உடம்பும் வளரத் தேவையான தைரொக்சின் என்ற ஹோர்மோனைச் சுரக்கிறது. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி என்ற குட்டிச் சுரப்பி, "சுரந்து கொடு" என்று அதற்கு அனுப்பும் கட்டளைதான் ரி.எஸ்.எச். குறுமண்வெளித் துறையில் நின்று அக்கரையில் கிடக்கும் பாதையை, அதாவது வாவி கடக்கும் படகை, கூப்பிடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். பாதை புறப்பட்டு வந்தால் கூப்பிடுவதை நிறுத்திவிடுவோம். வராவிட்டால் இன்னும் உரத்துக் கூப்பிடுவோம். ரி.எஸ்.எச். கூடியிருக்கிறது என்றால் அந்தக் கூப்பாடு உரத்துக் கேட்கிறது, தைரொயிட் பதில் சொல்லவில்லை என்று அர்த்தம். அதாவது தைரொக்சின் குறைவு. பிறக்கும்போதே இப்படி இருந்தால் அதைத்தான் பிறவித் தைரொயிட் குறைபாடு என்கிறோம். உலக அளவில் 2,000 முதல் 4,000 பிள்ளைகளுக்கு ஒருவர் இப்படிப் பிறக்கிறார்கள்.

சரி, பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறான் என்று கேட்பீர்கள். இந்த நோய் எல்லாரையும் ஏமாற்றும் இடம் அதுதான். வயிற்றில் இருக்கும்போது உங்கள் தைரொக்சினில் ஒரு பங்கு நச்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போய்க்கொண்டிருந்தது. தாய் கொடுத்தனுப்பிய அந்தக் கட்டுச்சோற்றில்தான் முதல் நாட்கள் ஓடுகின்றன. சில பிள்ளைகளுக்குச் சுரப்பியில் ஒரு துண்டாவது இருக்கும், அதுவும் கொஞ்சம் சுரக்கும். அதனால் இந்தக் குறைபாட்டோடு பிறக்கும் 100 பிள்ளைகளில் 95 பேருக்கு மேல் பிறந்த நேரத்தில் பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. கைதேர்ந்த பிள்ளை டொக்டர் தூக்கிப் பார்த்தாலும் தெரியாது. இரத்தம் மட்டும்தான் காட்டிக்கொடுக்கும்.

அடையாளங்கள் தெரியத் தொடங்கும்போது, கெட்ட காலமாக, அவை நல்ல குணங்கள் மாதிரித் தெரியும். பிள்ளை அழாது. எழுப்பினால்தான் பால் குடிக்கும், பாதியில் தூங்கிவிடும். மலம் மூன்று நாலு நாளைக்கு ஒருமுறை போகும். செங்கண்மாரி இரண்டு கிழமை தாண்டியும் தெளியாது, நாங்கள் காலை வெயிலில் பிடித்துக்கொண்டே இருப்போம். பிறகு தொப்புள் பிதுங்கும், நாக்குத் தடித்து வெளியே எட்டிப் பார்க்கும், அழுகை கரகரத்துப் போகும், தோல் காய்ந்து குளிர்ந்திருக்கும், தூக்கினால் கை கால் தளர்ந்து தொங்கும். இவ்வளவும் தெளிவாகத் தெரிகிற நேரத்தில் மாதங்கள் போயிருக்கும்.

இந்தப் பரிசோதனை நம் பக்கம் வராத காலத்தில் நான் பார்த்த ஒரு பிள்ளையைச் சொல்கிறேன். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு கிராமம், பள்ளிக்கூடக் கட்டடத்தில் நிறை பார்க்கும் கிளினிக். தராசில் தொங்கவிட்ட மற்றப் பிள்ளைகளெல்லாம் வீறிட்டுக் கத்தின. ஐந்து மாதப் பெண்பிள்ளை ஒன்று மட்டும் காற்சட்டைத் தொட்டிலில் அப்படியே தொங்கிக்கொண்டு என்னைப் பார்த்தது. "இவள் என்னை ஒரு நாளும் கரைச்சல்படுத்தினதே இல்லை மிஸ்ஸி" என்று தாய் பெருமையாகச் சொன்னார். நான் கையை வைத்தபோது அந்த வெயிலிலும் பிள்ளையின் கால் குளிர்ந்திருந்தது. அன்றே துண்டு எழுதி அனுப்பினோம், மருந்தும் தொடங்கியது. ஒரே மாதத்தில் பிள்ளை சிரித்தாள், நிறை ஏறியது. ஆனால் நடக்க இரண்டரை வயதானது. பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்ட முடியாமல் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டாள். அந்தத் தாய் ஒரு பிழையும் செய்யவில்லை. சத்தம் போடாத பிள்ளையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது பிழையா? அந்தப் பிள்ளை பிறந்த கிழமையில் குதிக்காலில் ஒரு துளி எடுத்துப் பார்க்க யாரும் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஒரு துளியின் கதையும் பெரியது. 1960களில் ரொபர்ட் கத்ரி என்ற அமெரிக்க டொக்டர் வேறொரு பிறவி நோய்க்காக, இரத்தத்துளியைத் தடித்த கடதாசியில் காயவைத்துச் சோதிக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1970களின் தொடக்கத்தில் கனடாவின் கியூபெக்கில் ழான் டுசோ அதே கடதாசித் துளியில் தைரொயிட்டையும் பார்க்க முடியும் என்று காட்டினார். நம் நாட்டில் 2010இல் காலியில், றுகுணு பல்கலைக்கழகத்தின் அணு மருத்துவப் பிரிவு தென் மாகாணப் பிள்ளைகளுக்கு இதைத் தொடங்கி, பிறகு மற்ற மாகாணங்களுக்கும் வந்தது. இன்று உங்கள் மகனின் குதிக்காலில் இருக்கிற அந்தச் சின்னப் புள்ளி, படுவான்கரைப் பிள்ளைக்குக் கிடைக்காத ஒன்று.

இனி, அழைப்பு வந்ததாலேயே நோய் உறுதி என்று நினைத்து இரவு முழுக்க அழவும் வேண்டாம். கடதாசித் துளி என்பது சல்லடை. அதில் தங்குவதெல்லாம் நோய் அல்ல. பிள்ளை பிறந்து வெளியே வந்தவுடன் வெளியுலகக் குளிருக்கு உடம்பு அதிர்ந்து, முதல் அரை மணி நேரத்தில் ரி.எஸ்.எச். எகிறும். பிறகு ஒன்றிரண்டு நாளில் இறங்கும். அதனால்தான் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் எடுப்பது மிகவும் நல்லது என்கிறார்கள். ஆனால் சுகப்பிரசவம் என்றால் நம் வார்ட்டுகளில் ஒரு நாளில் வீட்டுக்கு விட்டுவிடுகிறார்கள், கட்டில் தட்டுப்பாடு அப்படி. அதனால் கொஞ்சம் முந்தியே எடுக்க வேண்டி வருகிறது, சுகமான பிள்ளைக்கும் எண் கூடக் காட்டலாம். துளி சரியாக ஊறவில்லை என்றாலும் மறுபடி கூப்பிடுவார்கள். வட்டத்துக்குள் விட்ட இரத்தம் கடதாசியின் பின்பக்கம் வரை ஊறி வர வேண்டும். பிறகு வெயிலும் மின்விசிறிக் காற்றும் படாமல், படுக்கைவசமாக மூன்று நாலு மணி நேரம் காய வேண்டும். நம் வாவிக்கரை ஈரக்காற்றில் அது எவ்வளவு பொறுமையான வேலை என்று செய்தவர்களுக்குத் தெரியும்.

குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகள், நிறை குறைந்தவர்கள், இரட்டைப் பிள்ளைகள், விசேட பராமரிப்பில் இருந்தவர்கள், இரத்தம் ஏற்றப்பட்டவர்கள், டவுண் சின்ட்ரோம் உள்ளவர்கள், இவர்களுக்கு விஷயம் கொஞ்சம் வேறு. முதல் சோதனை சரியாக வந்தாலும் இரண்டு முதல் நாலு கிழமைக்குள் இன்னொரு முறை பார்ப்பது நல்லது. உறவில் யாருக்காவது அப்படிப் பிள்ளை இருந்தால் சொல்லிவிடுங்கள்.

நாளைக்குப் போனால் என்ன நடக்கும்? இம்முறை குதிக்காலில் அல்ல, இரத்த நாளத்திலிருந்து இரத்தம் எடுப்பார்கள். ரி.எஸ்.எச்.சும் தைரொக்சினும், அதாவது ரி-4உம், இரண்டையும் பார்ப்பார்கள். ரி.எஸ்.எச். கூடி ரி-4 குறைந்திருந்தால் நோய் உறுதி. கடதாசித் துளியிலேயே ரி.எஸ்.எச். 40ஐத் தாண்டியிருந்தால், இரத்தத்தை எடுத்துவிட்டு, முடிவு வரும்வரை காத்திராமல் அன்றே மருந்து தொடங்குவதுதான் முறை. எண் இடைநடுவில் இருந்தால் டொக்டர் பார்த்து முடிவு செய்வார், சிலவேளை ஒரு கிழமையில் மறுபடி இரத்தம் எடுப்பார். கழுத்துக்கு ஸ்கேன் செய்யவும் சொல்லலாம். சுரப்பி இருக்கிறதா, இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா என்று அது காட்டும். ஆனால் ஸ்கேனுக்குத் திகதி கிடைக்கும்வரை மருந்தைப் பிற்போடக்கூடாது. யாராவது அப்படிச் சொன்னால், "ஸ்கேன் பிறகு எடுக்கிறோம், மருந்தை இன்றைக்குத் தொடங்கலாமா?" என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. இருதயச் சத்தத்தையும் காது கேட்பதையும் கூடவே பார்க்கச் சொல்லுங்கள், இந்தப் பிள்ளைகளில் சிலருக்கு அவற்றிலும் குறை இருக்கும்.

மருந்து தைரொக்சின் குளிசை. உங்கள் மகனின் உடம்பு எதைச் சுரக்கவில்லையோ அதையேதான் கொடுக்கிறோம், வேறொன்றுமில்லை. தொடங்கும்போது ஒரு கிலோ நிறைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம். மூன்று கிலோப் பிள்ளைக்கு 30 முதல் 45 என்று வரும். சரியான அளவை டொக்டர்தான் சொல்வார். மில்லிகிராமும் மைக்ரோகிராமும் ஆயிரம் மடங்கு வித்தியாசம் என்பதால், கடதாசி உறையில் எழுதியிருப்பதையும் குளிசையின் அளவையும் மருந்து தருபவரிடம் ஒருமுறை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.

கொடுக்கும் விதத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், பலர் பிழைக்கும் இடம் இது. கழுவித் துடைத்துக் காய்ந்த எவர்சில்வர் தேக்கரண்டி ஒன்றில் அன்றைய குளிசைத் துண்டை வையுங்கள். இன்னொரு கரண்டியின் முதுகால் அழுத்தினால் மாவாகிவிடும். உங்கள் பாலைப் பிழிந்து நாலைந்து துளி விடுங்கள், இல்லாவிட்டால் கொதித்தாறின தண்ணீர். சுண்டுவிரலால் குழைத்து, பிள்ளையின் கன்னத்தின் உட்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். கரண்டியில் ஒட்டியிருப்பதிலும் மருந்து இருக்கிறது. இன்னும் இரண்டு துளி பால் விட்டு வழித்து அதையும் கொடுங்கள். பிறகு வழமைபோல் மார்பில் போடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தத் தேவையே இல்லை. போத்தல் பாலில் கரைத்துக் கொடுக்காதீர்கள், பிள்ளை முழுதும் குடிக்காவிட்டால் மருந்தும் மிச்சப் பாலோடு போய்விடும். நாலு நாளைக்குச் சேர்த்துக் கரைத்து வைப்பதும் கூடாது, கரைத்த மருந்து நிலைக்காது.

தினமும் ஒரே நேரம். காலையில் விளக்கு வைக்கும் நேரமோ, சுபஹு தொழுத நேரமோ, வீட்டில் தவறாமல் நடக்கும் ஒரு காரியத்தோடு முடிந்து வைத்தால் மறக்காது. கல்முனையில் ஒரு உம்மா நாட்காட்டியில் தேதியைக் கிழிக்கும் முன் குளிசை என்று பழக்கி வைத்திருந்தார், மூன்று வருடத்தில் ஒரு நாளும் தவறவிடவில்லை. கொடுத்த கையோடு பிள்ளை கக்கிவிட்டால் என்ன செய்வது என்பதை முதல் நாளே கிளினிக்கில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரும்புச்சத்து மருந்தும் கல்சியமும் தைரொக்சினைக் குடலில் பிடித்து வைத்துக்கொள்ளும், சோயாப் பாலும் அப்படித்தான். ஆறு மாதத்துக்குப் பிறகு கிளினிக்கில் தரும் நுண்போசணைத் தூளிலும் இரும்பு இருக்கிறது. அதைப் பகல் சாப்பாட்டோடு கொடுங்கள், குளிசைக்கும் அதற்கும் நாலு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும்.

குளிசை சூடும் வெளிச்சமும் ஈரமும் தாங்காது. அடுப்படித் தட்டிலும் தகரக் கூரைக்குக் கீழே அலுமாரி மேலும் வைக்காதீர்கள். மூடி இறுகிய, வெளிச்சம் புகாத ஒரு டப்பாவில் வீட்டின் குளிர்ந்த மூலையில் வையுங்கள். இன்னொன்று, நம் ஊர் மாரி உங்களுக்குத் தெரியும். கார்த்திகை மார்கழியில் வெள்ளம் ஏறினால் படுவான்கரைப் பாதைகள் நாள்கணக்கில் அறுபடும். அதனால் மழைக்கு முந்திய கிளினிக்கிலேயே கூடுதலாக ஒரு மாதக் குளிசை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காரணத்தைச் சொன்னால் தருவார்கள்.

மருந்து தொடங்கி ஒன்று இரண்டு கிழமையில் மறுபடி இரத்தம் பார்ப்பார்கள். ரி.எஸ்.எச். சரியாகும்வரை இரண்டு கிழமைக்கு ஒருமுறை, பிறகு முதல் வருடம் முழுக்க ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இரத்தம் எடுக்கும் நாளில் குளிசையை வீட்டில் கொடுக்காமல் கையோடு கொண்டு போய், எடுத்த பிறகு அங்கேயே கொடுத்துவிடுங்கள். பிள்ளைக்கு ஊசி குத்துவதைப் பார்க்க உங்களுக்கு வயிறு எரியும், எனக்குத் தெரியும். ஆனால் பிள்ளை நிறை ஏற ஏற மருந்தின் அளவும் மாற வேண்டும், எண்ணைப் பார்க்காமல் மாற்ற முடியாது. மருந்து கூடிப்போனால் பிள்ளை சினந்துகொண்டே இருக்கும், நித்திரை வராது, வியர்க்கும், வயிற்றோட்டம் வரும், நெஞ்சு படபடக்கும். அப்படியிருந்தால் நீங்களாகக் குறைக்காமல் போய்க் காட்டுங்கள். தடுப்பூசிகளை இதற்காகத் தள்ளிப்போடத் தேவையில்லை.

ஆயுளுக்கும் கொடுக்க வேண்டுமா என்று கேட்டீர்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு, 100இல் 80க்கு மேற்பட்டவர்களுக்கு, சுரப்பியே உருவாகாமலோ, சிறுத்தோ, நாக்கின் அடியில் இடம் மாறியோ இருக்கும். அவர்களுக்கு ஆயுளுக்கும்தான். ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு இது தற்காலிகமானது. தாய் தைரொயிட் கூடியதைக் குறைக்கும் மருந்து எடுத்திருந்தாலோ, பிறந்த நேரத்தில் அயடீன் கிருமிநாசினி அதிகம் பூசப்பட்டிருந்தாலோ, குறைமாதம் என்றாலோ அப்படி வரலாம். எது என்று அறிய, மூன்று வயது முடிந்த பிறகு, டொக்டரின் கண்காணிப்பில் ஏறத்தாழ நாலு கிழமை மருந்தை நிறுத்திப் பார்ப்பார்கள். அந்த மூன்று வயதுக்கு முன், பிள்ளை நல்லா இருக்கிறானே என்று நீங்களாக ஒரு நாளும் நிறுத்தாதீர்கள். மூளை வேகமாக வளரும் வருடங்கள் அவை. நல்லா இருப்பதே அந்தக் குளிசையால்தான்.

சொந்தத்துக்குள் முடித்தது பற்றி. சுரப்பி உருவாகாத வகைக்கும் அதற்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை, யாருக்கும் எந்த வீட்டிலும் வருவது அது. சுரப்பி இருந்தும் தைரொக்சினைச் செய்யத் தெரியாத இன்னொரு வகை இருக்கிறது, 100இல் 15 பேர்போல. அது தாயும் தகப்பனும் ஆளுக்கொன்றாக மறைவாகச் சுமக்கும் பரம்பரைக் குறையால் வரும். மச்சான் மச்சாள் முடித்த இடங்களில் அது சேர்ந்துவிடும் சந்தர்ப்பம் கொஞ்சம் கூட. அந்த வகை என்று தெரியவந்தால் அடுத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு சாத்தியம். ஆகவே அடுத்த பிள்ளை பிறக்கும்போது வார்ட்டில் வாய் திறந்து சொல்லுங்கள், அவ்வளவே வேண்டியது. நீங்கள் சாப்பிட்ட மரவள்ளியும், போன செத்த வீடும், பட்ட கண்ணூறும் இதற்குக் காரணமல்ல. உப்பும் காரணமல்ல, நம் நாட்டில் 1995 முதல் அயடீன் உப்புக் கட்டாயம்.

மாமியோடு சண்டை வேண்டாம். அவர் பேரப்பிள்ளையைக் காக்கத்தான் நினைக்கிறார். துடக்கு வழக்கும் தொடங்கியது பச்சைப்பிள்ளையை ஊர் நோயிலிருந்து ஒதுக்கி வைக்கத்தான் போலும். அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பிள்ளையை நன்றாகச் சுற்றி, வெயில் ஏறும் முன், கூட்டமில்லாத வாகனத்தில் போய் வரலாம். டொக்டர் சொல்வதை மாமி தன் காதால் கேட்டால், நாளைக்குக் குளிசையை நினைவூட்டுபவரே அவராகத்தான் இருப்பார். நான் பார்த்த பல வீடுகளில் அப்படித்தான் நடந்தது.

பிள்ளையின் கிளினிக் கொப்பி, டிக்கட், மருத்துவிச்சி தந்த துண்டு மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். கொப்பியில் எழுதியிருக்கும் தொலைபேசி இலக்கம் இப்போதும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். ஒரு பிள்ளைக்கு ஐந்து நாள் நாங்கள் அழைத்துக்கொண்டே இருந்தோம். தகப்பன் சிம் மாற்றியிருந்தார். கடைசியில் மருத்துவிச்சி சைக்கிளில் வயல்வெளிக்குள் போய்க் கண்டுபிடித்தார். பதினான்காம் நாள் பின்னேரம் முதல் குளிசை கொடுத்தோம். அந்தப் பையன் இப்போது மூன்றாம் வகுப்பு, வாய்பாடு சொன்னால் நிறுத்தமாட்டான்.